அவன் அப்பாவ ‘என் அப்பா’ன்னு சொல்லிப் பாக்குறது

பினாங்குல எந்த காலேஜ் கேன்டீனுக்கு வேணும்னாலும் மத்தியானம் போய்ப் பாருங்க, யாரும் போர்டு எழுதி மாட்டல, ஆனா மேசைங்க தன்னால பிரிஞ்சு கெடக்கும். நம்ம பிள்ளைங்க ஒரு பக்கம், மலாய் பிள்ளைங்க ஒரு பக்கம், சீனப் பிள்ளைங்க இன்னொரு பக்கம். சண்டை கிடையாது, முறைப்பு கிடையாது. லெக்சரர் ஆள கலந்து குரூப் போட்டா உடனே வாட்சப் குரூப் தொறந்து, ஆளுக்கு நாலு ஸ்லைடுன்னு பிரிச்சிக்கிட்டு, பிரசென்டேஷன் முடிச்சி, மார்க் வந்த அன்னைக்கே குரூப்ப விட்டு வெளிய போயிருவாங்க. மூணு வருஷம் ஒரே ரூம்ல உக்காந்திருந்தும் பக்கத்து சீட்டுக்காரன் வீட்டுல எத்தன பேரு, அவங்க அம்மா என்னா வேல பாக்குறாங்கன்னு தெரியாமலே பட்டம் வாங்கிட்டுப் போறவங்க ஏராளம். இதுல கெட்ட எண்ணம் ஒன்னும் இல்ல, எல்லாம் பழக்கந்தான், ஆனா பழக்கந்தான் கெட்ட எண்ணத்த விட உறுதியா இருக்கும்.

இத உடைக்குறதுக்கு வெளிநாட்டு காலேஜ்கள்ல ஒரு முறை பரவிக்கிட்டு இருக்கு, ஸ்டோரி எக்ஸ்சேஞ்ச்னு சொல்வாங்க, நம்ம பாஷையில கதை மாத்திக்கிறதுன்னு வெச்சிக்கலாம். ஐரிஷ் எழுத்தாளர் காலம் மெக்கேனும் இன்னும் சில பேரும் சேந்து ஆரம்பிச்ச நெரட்டிவ் ஃபோர்ங்கிற அமைப்பு இத பத்து வருஷத்துக்கு மேல நடத்திக்கிட்டு வருது, நியூயார்க்லயும் அயர்லாந்து லிமரிக்லயும் அவங்களுக்கு இடம் இருக்கு. இப்போ நம்ம ஊர்லயும் அங்கங்க லெக்சரருங்க இத கேள்விப்பட்டு வகுப்புல பண்ணிப் பாக்கலாமான்னு கேக்குறாங்க. பண்ணலாம். ஆனா இதுல எந்தப் பகுதி வேலை செய்யுது, எது வெறும் அலங்காரம்னு தெரியாம பண்ணா, ஓரியன்டேஷன் வாரத்து ஐஸ் பிரேக்கிங் மாதிரி கைதட்டிட்டுக் கலஞ்சி போயிரும், இல்லன்னா அத விட மோசமா ஒரு பிள்ளைய அழ வெச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிரும்.

முறைய மொதல்ல சொல்லிடுறேன். அவ்வளவா பழக்கமில்லாத ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைப்பாங்க. ஆளுக்கு ஒரு கதை, கற்பனை இல்ல, தன் வாழ்க்கையில நடந்தது. ஒருத்தர் சொல்வாங்க, மத்தவர் கேப்பாங்க, அப்புறம் மாத்திக்குவாங்க. இது வரைக்கும் புதுசு எதுவும் இல்ல. புதுசு இதுக்கு அப்புறம் வருது: எல்லாரும் வட்டமா உக்காந்து, ஒவ்வொருத்தரும் தன் ஜோடியோட கதைய தன் கதை மாதிரி ‘நான்’னு சொல்லணும். ‘இவங்க சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டாங்க’ன்னு சொல்லக் கூடாது, ‘நான் சின்ன வயசுல’ன்னுதான் ஆரம்பிக்கணும், கதைக்குச் சொந்தக்காரங்க எதிர்லயே உக்காந்து தன் கதைய வேற ஒரு வாயால கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

ஒரு உதாரணத்துக்கு இப்படி வெச்சிக்குவோம். நிபோங் தெபால் பக்கத்துல இருந்து வர்ற நம்ம பொண்ணு ஒன்னு, தாத்தா காலத்துல பால்மரம் வெட்டுன குடும்பம், தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வரிசை வீடான லயத்த விட்டு வெளிய வந்தவங்க, அம்மா இப்போ பாயான் லெப்பாஸ் பேக்டரியில ராத்திரி ஷிப்ட்டு. அதுக்கு ஜோடியா கெடா மாநிலம் யான் பக்கம் நெல்லு வயல் வீட்டுலேர்ந்து வந்த மலாய் பையன். பொண்ணு சொல்ற கதை ஒன்னும் பெருசு இல்ல: பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம்முக்கு டிரையல் பரீட்சை அன்னைக்குக் காலையில பேக்டரி பஸ் லேட்டு, தம்பிக்கு காய்ச்சல், அம்மா வர்ற வரைக்கும் தம்பிய விட்டுட்டுப் போக முடியாம வாசல்ல யூனிபார்மோட நின்னுக்கிட்டு இருந்தது. அவ்வளவுதான். இப்போ அந்தப் பையன் வட்டத்துல உக்காந்து ‘என் அம்மா ராத்திரி ஷிப்ட்டு’ன்னு ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கணும்னா அவனுக்கு எத்தனையோ தெரியணும். தம்பிக்கு என்ன வயசு? பக்கத்து வீட்டுல ஏன் விடல? அம்மா வந்து இறங்குனதும் மொதல்ல என்னா சொன்னாங்க? பரீட்சைக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேந்த? வாத்தியார் உள்ள விட்டாரா? சும்மா கேட்டுட்டு தலையாட்டிட்டு போறதா இருந்தா இதுல ஒன்னையும் அவன் கேட்டிருக்க மாட்டான். ‘ஓ, கஷ்டம்லா’ன்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிருக்கும். தான் சொல்லி ஆகணும், அதுவும் அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லி ஆகணும்ங்கிற பொறுப்புதான் அவன கேள்வி கேக்க வைக்குது.

இந்த முறையோட உயிரே இங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். பொதுவா இத விளக்குறவங்க ‘மனசு தொறந்து பேசுனா எம்பதி வளரும்’னு சொல்லிட்டுப் போயிருவாங்க. பேசுறவருக்கு பாரம் எறங்கலாம், சரி, ஆனா எம்பதிங்கிறது, அதாவது அடுத்தவங்க மனச உணர்ந்து புரிஞ்சிக்கிறது, கேக்குறவர் கிட்டதானே வளரணும்? கேக்குறவருக்கு ஒரு வேலை குடுக்காத கதை நேரம் எல்லாம் மேடை நிகழ்ச்சி மாதிரிதான்.

ஆராய்ச்சிப் பக்கம் இத தாங்கிப் பிடிக்குற ஒரு முடிவு இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. 2018ல டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்ளின்னு மூணு பேரு, மொத்தம் 25 சோதனை நடத்துனாங்க. கேள்வி இதுதான்: அடுத்தவர் எடத்துல நம்மள வெச்சி யோசிச்சா அவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு சரியா தெரியுமா? நெருங்கிப் பழகுற ஜோடிங்களையும் வெச்சிப் பாத்தாங்க. யோசிச்சவங்களுக்கு ‘எனக்குப் புரிஞ்சிருச்சி’ங்கிற நம்பிக்கை இருந்துச்சி, ஆனா சரியா சொன்னது கூடல. எது கூட்டுச்சின்னா, நேரா அவங்க கிட்டயே கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது. கேட்டா தெரியும், கேக்காம யோசிச்சா தெரிஞ்ச மாதிரி இருக்கும். நம்ம நாட்டுல ‘பல இன மக்களின் உணர்வை மதிப்போம்’னு பள்ளிக்கூடத்துலேர்ந்து சொல்லிக் குடுத்தே வந்திருக்காங்க, ஆனா கேக்குறதுக்கு எங்கயும் நேரம் ஒதுக்குனது இல்ல, எல்லாம் யூகந்தான்.

இன்னொரு பழைய ஆராய்ச்சி, 1997ல டேனியல் பேட்சனும் கூட இருந்தவங்களும் பண்ணது, இது கொஞ்சம் எச்சரிக்கை பண்ணுது. கஷ்டத்துல இருக்குற ஒரு இளம் பெண்ணோட ரேடியோ பேட்டிய மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, சில பேர ‘அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்னு நெனைங்க’ன்னும், சில பேர ‘அந்த நெலமையில நீங்க இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனைங்க’ன்னும் சொன்னாங்க. மொத வகை ஆளுங்களுக்குப் பரிவு வந்துச்சி. ரெண்டாவது வகைக்கும் பரிவு வந்துச்சி, ஆனா கூடவே தனக்குத் தனக்குன்னு ஒரு பதட்டமும் சேந்து வந்துச்சி. பதட்டப்படுறவன் உதவுறத விட அந்த எடத்த விட்டு ஓடத்தான் பாப்பான். அப்போ ‘நான்’னு சொல்ல வைக்கிறது ஆபத்தான்னு கேட்டா, ஆமா, அரைகுறையா பண்ணா ஆபத்துதான். அந்தக் கெடா பையன் பொண்ணோட விவரம் எதுவும் தெரியாம ‘நான்’னு ஆரம்பிச்சா, தன்னோட அம்மா, தன்னோட தம்பி, தன்னோட பயத்தத்தான் அதுக்குள்ள அடைப்பான். விவரம் இருந்தா தன்னோடது அடைக்க எடம் இருக்காது. அதனாலதான் ஜோடிக்குள்ள கேள்வி கேக்குற நேரத்த எதுக்காகவும் குறைக்கக் கூடாது, நேரம் பத்தலன்னா வட்டத்த சின்னதாக்கணும்.

வாதாடுறத விட கதைதான் வேலை செய்யுதுன்னு எப்படி உறுதியா சொல்றதுன்னு கேக்குறவங்களுக்கு அமெரிக்காவுல மயாமி உதாரணம் இருக்கு. டேவிட் புரூக்மன், ஜாஷுவா கல்லா ரெண்டு பேரும் 2016ல வெளியிட்டது. வாக்காளர் வீட்டுக்கதவ தட்டி, திருநர் உரிமை பத்தி சுமார் பத்து நிமிஷம் பேச்சு, வாதாடுறது இல்ல, ‘உங்கள யாராச்சும் வித்தியாசமா நடத்துனது உண்டா’ன்னு அவங்க அனுபவத்த கேக்குறது. அந்த ஒரு பேச்சோட தாக்கம் மூணு மாசம் கழிச்சும் இருந்துச்சி. அப்புறம் 2020ல அவங்களே இத பிரிச்சிப் பாத்தாங்க: வெறும் வாதம் மட்டும் வெச்சிப் பேசுனப்போ ஒன்னும் நடக்கல, குத்தம் சொல்லாம கதைய பரிமாறிக்கிட்டப்போதான் மாற்றம் வந்துச்சி. அது காலேஜ் வகுப்பு இல்ல, வீட்டு வாசல், அதனால அப்படியே நமக்குப் பொருத்திற முடியாது, ஆனா எந்த உறுப்பு ஓடுதுன்னு காட்டுது.

இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரல. அடுத்தவங்க மனசுக்குள்ள நின்னு ‘நான்’னு பேசுறது நமக்கு ஒன்னும் இறக்குமதி சரக்கு இல்ல. சங்க அகப்பாட்டு பூரா அப்படித்தான்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலித்தாய் கூற்றுன்னு, எழுதுன புலவர் ஆம்பளையா இருப்பாரு, பேசுறது காத்திருக்குற பொண்ணா இருக்கும். அதுல ஒரு சட்டமும் உண்டு, அன்பின் ஐந்திணையில யாரோட பேரையும் சுட்டிச் சொல்லக் கூடாதுன்னு தொல்காப்பியம் விதி போடுது. வகுப்புல கதை மாத்திக்கிறவங்களுக்கும் இதேதான் நான் சொல்லுவேன், ஊரு பேரு, ஆளு பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு எல்லாம் கதைய விட்டு வெளிய நிக்கட்டும். பேரு இல்லன்னா வம்பும் கம்மி, கேக்குறவனுக்கு உள்ள நுழையுறதும் சுலபம்.

இப்போ நம்ம நாட்டுப் பின்னணிக்கு வருவோம், ஏன்னா இந்த முறை அமெரிக்காவுல தீக்குற பிரச்சனையும் இங்க இருக்குற பிரச்சனையும் ஒன்னு இல்ல. நம்ம பிரிவு ரொம்பப் பழசு. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல 1816லயே தமிழ் வகுப்பு தொடங்குனாங்க, மலாயாவுல தமிழ்க் கல்விக்கு அததான் தொடக்கம்னு சொல்றோம். அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் தமிழ்ப்பள்ளி. 1951ல பார்ன்ஸ் அறிக்கை எல்லாரையும் ஒரே தேசியப் பள்ளிக்கூடத்துல போடலாம்னு சொல்லுச்சி, சமூகங்க ஒத்துக்கல. 1956ல ரசாக் அறிக்கை, பாடத்திட்டம் ஒன்னு, மொழி வேறன்னு ஒரு சமரசத்துக்கு வந்துச்சி. அதனால இன்னைக்கும் தொடக்கப் பள்ளி மூணு வகை: தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மட்டுமே 500க்கு மேல. நான் தமிழ்ப்பள்ளிக்கு எதிரா பேசுறேன்னு யாரும் கெளம்பிறாதீங்க, அது இல்லன்னா இந்தக் கட்டுரைய படிக்க ஆள் இருக்காது, எழுதவும் ஆள் இருக்காது. நான் சொல்றது, ஏழு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் போற நம்ம பிள்ளைங்களோட சிரிப்பு, சண்டை, பட்டப்பேரு எல்லாம் ஒரே இனத்துக்குள்ள முடிஞ்சிருது, அடுத்த இனத்து பிள்ளைங்க கூட ஒரே வகுப்புல உக்காருறது இடைநிலைப்பள்ளி போனப்புறம்தான், அப்போ அவங்கவங்களுக்கு கூட்டாளிங்க ரெடியா இருக்காங்க. அப்புறம் ஒரு பக்கம் எஸ்டிபிஎம் பரீட்சை, ஒரு பக்கம் அரசாங்க மெட்ரிகுலேஷன், ஒரு பக்கம் தனியார் காலேஜ் பவுண்டேஷன்னு வேற வேற வாசல் வழியா வந்து காலேஜ்ல ஒன்னா உக்காருறாங்க. மெட்ரிகுலேஷன்ல 90 சதவீதம் பூமிபுத்ரா, அதாவது மலாய்க்காரங்க, மத்த பூர்வகுடிங்க இடம்ங்கிற கணக்கு எல்லாருக்கும் தெரியும், அத பத்தி யாரும் வகுப்புல வாயத் தொறக்க மாட்டாங்க, ஆனா எல்லார் மனசுலயும் அது உக்காந்திருக்கும்.

அரசாங்கம் ஒன்னும் பண்ணலன்னு சொல்ல முடியாது. 1969 மே 13 இனக் கலவரத்துக்கு அப்புறம் 1970 ஆகஸ்ட்டு 31ல ருக்குன் நெகாராங்கிற தேசியக் கோட்பாடு வந்துச்சி, காலையில அசெம்பிளியில சொல்லாத பிள்ளை கிடையாது. பல்கலைக்கழகத்துல ஹுபுங்கான் எத்னிக், அதாவது இன உறவுப் பாடம் வந்துச்சி. 2006ல ஒரு பல்கலைக்கழகத்தோட பாட வழிகாட்டி நூல் பெரிய சர்ச்சையாகி கைவிடப்பட்டு, அப்புறம் பேராசிரியர் சம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில புது மாட்யூல் எழுதுனாங்க. இப்போ காலேஜ்ல எம்பியூன்னு சொல்ற கட்டாயப் பொதுப் பாடங்க இருக்கு. பாடம் படிச்சவங்கள கேட்டுப் பாருங்க, என்னா ஞாபகம் இருக்குன்னு. பொங்கல், ஹரி ராயா, சீனப் பெருநாளு, பாரம்பரிய உடை போட்டு ஒரு போட்டோ. பண்டிகை தெரிஞ்சவன் மனுஷன தெரிஞ்சவன் ஆயிர மாட்டான். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் வந்து போட்டோ புடிச்சிட்டுப் போற சீனப் பையனுக்கு, அந்தக் காவடிய எடுக்குற அண்ணன் ஏன் எடுக்குறாருன்னு கேக்கணும்னு தோணி இருக்காது.

கலந்து உக்கார வெச்சா போதும்னு நெனைக்கிறவங்களுக்கு 1954லயே பதில் சொல்லிட்டாரு கோர்டன் ஆல்போர்ட், ஹார்வர்ட் உளவியல் பேராசிரியர். வேற வேற கூட்டத்து ஆளுங்க சந்திச்சா வெறுப்பு குறையும், ஆனா நாலு விஷயம் இருந்தா நல்லா குறையும்னாரு: அந்த எடத்துல ரெண்டு பேரும் சமமா இருக்கணும், ஒரே இலக்கு இருக்கணும், போட்டி இல்லாம சேந்து வேலை செய்யணும், மேல இருக்குறவங்க ஆதரவு இருக்கணும். 2006ல தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுங்கள சேத்து வெச்சிக் கணக்குப் பாத்தாங்க. சந்திப்பு பொதுவா வெறுப்ப குறைக்குது, அந்த நாலும் இல்லன்னாலும் ஓரளவு குறைக்குது, இருந்தா இன்னும் நல்லா குறைக்குதுன்னு வந்துச்சி. எலியட் ஆரன்சன் 1971ல டெக்சஸ் ஆஸ்டின்ல, வெள்ளை, கருப்பு, மெக்சிகன் பிள்ளைங்கள புதுசா ஒரே பள்ளிக்கூடத்துல சேத்து சண்டை நடந்தப்போ, பாடத்த துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒன்னு குடுத்து, மத்தவங்க கிட்ட கேட்டாதான் முழுப் பாடமும் தெரியும்ங்கிற மாதிரி அமைச்சாரு. பாருங்க, அங்கயும் அதே கதைதான், கேட்டே ஆகணும்ங்கிற கட்டாயம்.

நம்ம வகுப்புல இந்த ‘சமம்’ங்கிறதுதான் முள்ளு. மொழியிலயே ஆரம்பிச்சிரும். கதைய எந்த மொழியில சொல்றது? மலாய்ல சொன்னா ஒரு பக்கத்துக்கு சொந்த வீடு, மறு பக்கத்துக்கு வாடகை வீடு. இங்கிலீஷ்ல சொன்னா டவுன் பிள்ளைங்க ஜெயிச்சிருவாங்க. ஒரு விஷயம் நான் கவனிச்சது, சரளமா வராத மொழியில சோகத்த சொல்லிற முடியும், ஆனா சிரிக்க வைக்க முடியாது, சிரிப்புக்கு வேகம் வேணும், சொல் நுனி நாக்குல இருக்கணும். அதனால மொழி வராத பிள்ளைங்க சோகக் கதையா எடுத்து வைக்கும், மொழி வர்ற பிள்ளைங்க ஜாலியான கதையா சொல்லும், வட்டத்துல உக்காந்து பாக்குறவங்களுக்கு ‘இந்த இனத்துக்காரங்கன்னாலே கஷ்டம்தான்’னு ஒரு படம் விழுந்துரும். நம்ம எதை உடைக்க வந்தோமோ அத கட்டிக் குடுத்துட்டுப் போறோம். ஜோடிக்குள்ள எந்த மொழி வேணும்னாலும் கலந்து பேசட்டும், கையால காட்டட்டும், போன்ல படம் காட்டட்டும், வட்டத்துல சொல்றப்போ சொல்றவரு தனக்கு வசதியான மொழியில சொல்லட்டும். எப்படியும் சொல்றது அவரு கதை இல்லயே, அதனால தன் மொழியில சொன்னா இன்னும் உயிரோட்டமாதான் வரும். தமிழ்ப் பொண்ணோட கதை ஒரு கெடா பையன் வாயில கெடா மலாய்ல வெளிய வர்றத கேக்குறப்போ வர்ற சிரிப்பே தனி.

இன்னொரு முள்ளு, நம்ம பிள்ளைங்க ஏற்கனவே கதை சொல்லிப் பழகுனவங்க. தப்பான எடத்துல பழகுனவங்க. உபகாரச் சம்பளத்துக்கு மனு போடுறப்போ, அறவாரிய இன்டர்வியூவுக்குப் போறப்போ, ‘நான் பி40 குடும்பம் (வருமானத்துல கீழ் 40 சதவீதம்), அப்பா லாரி டிரைவர், அஞ்சு பேரு’ன்னு ஒரு கதைய மனப்பாடமா வெச்சிருப்பாங்க, எங்க கண்ணு கலங்கணும்னு கூட தெரியும். அத குத்தம் சொல்லல, அது இல்லாம பணம் கிடைக்காது. ஆனா லெக்சரர் வந்து ‘உங்க வாழ்க்கையில நீங்க சந்திச்ச மிகப் பெரிய சவால் என்ன’ன்னு கேட்டா அந்த இன்டர்வியூ கதைதான் வெளிய வரும். கேக்குற ஜோடி வசதியான வீட்டுப் பிள்ளையா இருந்தா பரிதாபப்படும். பரிதாபம் வந்தா சமம் போச்சி, ஆல்போர்ட் சொன்ன மொத நிபந்தனையே காலி. அதனால கேள்விய மாத்தணும். உன் பேர யாரு வெச்சா, ஏன்? மொதல் தடவ தனியா பஸ் ஏறுனது எப்போ? உங்க வீட்டுல யாரும் தொடக் கூடாத பொருள் எது? வீட்டுல பொய் சொல்லி மாட்டிக்கிட்ட ஒரு நாள்? இந்த மாதிரி கேள்விக்கு பணக்காரன் ஏழை ரெண்டு பேர் கிட்டயும் கதை இருக்கும், கஷ்டம் தானா வரணும்னா அது வழியாவே வரும், வரலன்னா பரவால்ல.

கதை சொல்லாம இருக்குற உரிமைய வெளிப்படையா சொல்லணும், ஆரம்பத்துலயே, ரெண்டு தடவ. வீட்டுல அடி வாங்குனது, சாவு, பாலியல் தொந்தரவு, இதெல்லாம் ஒரு டியூட்டோரியல் நேரத்துல தொறந்து மூடுற பெட்டி இல்ல. பெரிய அதிர்ச்சி நடந்தவங்கள ஒரே ஒரு தடவ உக்கார வெச்சி எல்லாத்தையும் பேச வைக்கிற முறைய மருத்துவ ஆய்வுங்க பாத்திருக்கு, அது பின்னால வர்ற மன பாதிப்ப தடுக்கல, சில பேருக்கு மோசமாக்குன மாதிரியும் தெரிஞ்சிச்சி. ‘சொல்லிட்டா லேசாயிரும்’ங்கிற நம்ம வீட்டுப் பேச்சு எல்லா நேரத்துலயும் எடுபடாது. லெக்சரர் கவுன்சலர் இல்ல, கவுன்சலர் ரூம் எங்க இருக்குன்னு தெரிஞ்சி வெச்சிருக்க வேண்டிய ஆளு. அதோட போன் எல்லாம் பைக்குள்ள. வகுப்புல ஒருத்தி அழுதத பதினஞ்சு செகண்டு வீடியோவா வெட்டி டிக்டாக்ல போட்டுட்டா அந்தப் பிள்ளை அப்புறம் எந்த வகுப்புலயும் வாயத் தொறக்காது.

நடைமுறைக் கணக்கும் ஒன்னு இருக்கு. 20 பேர் உள்ள டியூட்டோரியல்ல ஆளுக்கு நாலு நிமிஷம்னா சொல்றதுக்கே 80 நிமிஷம், ஒரு மணி நேர வகுப்புல முடியாது. எட்டு பேர் வட்டமா பிரிச்சா 32 நிமிஷத்துல முடியும், ஆனா ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெரியவங்க வேணும், அதனால ஜோடிப் பேச்ச ஒரு வாரம், வட்டத்த அடுத்த வாரம்னு வெச்சிக்கிறது நல்லது. நடுவுல ஒரு வாரம் கிடைக்கிறதுல ஒரு லாபம், மறந்து போன விவரத்துக்காக ஜோடி வாட்சப்ல கேட்டுக்குவாங்க, அந்த மெசேஜ் லெக்சரர் போட்ட குரூப்புக்கு வெளிய நடக்குற மொத பேச்சா இருக்கும். லெக்சரரும் ஒரு ஜோடியில உக்காரணும், தன் கதைய ஒரு மாணவன் வாயால கேக்கணும், மேசைக்குப் பின்னால நின்னு நோட்டு எடுத்துக்கிட்டு இருந்தா பிள்ளைங்களுக்கு அது பரீட்சைதான். மார்க் கூடவே கூடாது. மார்க் போட்டா எவன் நல்லா நடிக்கிறான்ங்கிற போட்டி ஆயிரும்.

சரி, இவ்வளவு பண்ணா எம்பதி வளந்துருமா? இந்தக் காலத்து பிள்ளைங்களுக்கு எம்பதியே இல்லன்னு புலம்புறவங்க ஒரு அமெரிக்க ஆய்வ காட்டுவாங்க. சாரா கான்ராத்தும் கூட்டாளிங்களும், 1979லேர்ந்து 2009 வரைக்கும் சுமார் 14,000 காலேஜ் மாணவர்களோட பதில்கள வெச்சி, 2000க்கு அப்புறம் எம்பதி நல்லா எறங்கியிருக்குன்னு சொன்னது. அத இன்னைக்கும் எல்லா மேடையிலயும் சொல்றாங்க. ஆனா அதே கான்ராத் பின்னால 2018 வரைக்கும் தரவ சேத்துப் பாத்தப்போ 2008க்கு அப்புறம் அது திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்குன்னு வந்துச்சி, இத மட்டும் யாரும் மேடையில சொல்றது இல்ல. நம்ம நாட்டு பிள்ளைங்களுக்கு எம்பதி கம்மின்னு நான் நம்பல. சொந்த இனத்துக்குள்ள பாருங்க, ஒருத்தனுக்கு ஆக்சிடெண்ட்டுன்னா விடியுறதுக்குள்ள காசு சேந்துரும். எம்பதி இருக்கு, அது நடக்குற பாதைதான் குறுகலா இருக்கு.

பால் புளூம்ங்கிற உளவியல் பேராசிரியர் இதத்தான் வேற விதமா தாக்குறாரு: எம்பதி ஒருத்தர் மேல மட்டும் வெளிச்சம் அடிக்கும், பக்கத்துல இருட்டுல நிக்குற நூறு பேர காட்டாது, அதுவும் நமக்கு நெருக்கமானவங்க பக்கமே திரும்பும்ங்கிறாரு. கதை மாத்திக்கிறதுக்கு எதிரா இத விட பலமான வாதம் எனக்குத் தெரிஞ்சி இல்ல. ஏன்னா வகுப்புல நடக்குறது அததான். அந்தக் கெடா பையனுக்கு அந்த ஒரு பொண்ணு மேல மதிப்பு வந்துரும். அப்புறம் ஒரு நாளு அன்பாவே சொல்லுவான், ‘நீ மத்த இந்தியன் மாதிரி இல்ல’ன்னு. நம்ம பிள்ளையும் அத பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு சிரிக்கும். ஆளு மேல இருந்த எண்ணம் மாறிருச்சி, கூட்டத்து மேல இருந்த எண்ணம் அப்படியே பத்திரமா இருக்கு, இந்தப் பொண்ண விதிவிலக்குன்னு ஓரமா வெச்சிட்டு. ஆளு எந்தக் கூட்டத்து ஆளுங்கிறது கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருந்தாதான் அந்த நல்ல எண்ணம் கூட்டத்துக்கும் பரவும்னு இத ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அதாவது கதையில இனத்த மறைக்கக் கூடாது, ‘நாம எல்லாரும் மனுஷங்கதானே’ன்னு தண்ணி ஊத்தி நீத்துறக் கூடாது. லயம், தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு, பேக்டரி பஸ், அம்மா நெத்தியில இருக்குற குங்குமம், எல்லாம் கதைக்குள்ளயே இருக்கட்டும், அந்தப் பையன் அது எல்லாத்தோடயும் சேத்து ‘என் அம்மா’ன்னு சொல்லட்டும். பேரத்தான் எடுக்கச் சொன்னேன், நெறத்த எடுக்கச் சொல்லல.

ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. வாடகை ரூம் விளம்பரம் பாத்திருப்பீங்க, கோலாலம்பூர்னாலும் பினாங்குனாலும், ‘சீனர் மட்டும்’, ‘மலாய்க்காரர் மட்டும்’, ‘இந்தியர் வேண்டாம்’. மலேசியாவுல படிச்ச எந்த இந்திய மாணவனுக்கும் இது புது செய்தி இல்ல. போன்ல பேரு சொன்னதும் ‘ரூம் போயிருச்சி’ன்னு பதில் வரும். இத எந்த வட்டத்துல உக்காந்தும் தீக்க முடியாது. வட்டத்துல உருகுன அதே பிள்ளை நாளைக்கு வீட்டுக்கார ஆன்ட்டி சொன்னாங்கன்னு அந்த விளம்பரத்த டைப் பண்ணிக் குடுக்கலாம், அதுல அதுக்கு முரண்பாடே தெரியாம இருக்கலாம்.

அதனால நான் ஒரு லெக்சரரா இருந்தா கதை மாத்திக்கிறத செமஸ்டர் கடைசியில கண்ணீரோட முடிக்கிற நிகழ்ச்சியா வெக்க மாட்டேன், மூணாவது நாலாவது வாரத்துல வெச்சிருவேன். அதுக்கு அப்புறம் அதே ஜோடிங்களுக்கு ஒரு வேலை குடுப்பேன்: காலேஜுக்குப் பக்கத்துல இருக்குற பத்து ரூம் விளம்பரத்த எடுத்துக்குங்க, ரெண்டு பேரும் தனித்தனியா போன் பண்ணுங்க, சொந்தப் பேருல, உண்மையிலேயே ரூம் தேடுற மாணவனா, யாருக்கு என்ன பதில் வந்துச்சின்னு ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. வீட்டுக்காரர் பேரு, நம்பரு எதுவும் வகுப்புக்கு வெளிய போகாது. இந்தத் தடவ அவன் கதை, இவ கதைன்னு ரெண்டு இருக்காது, ஒரே விளம்பரம், ஒரே நாளு, ரெண்டு பதில். அத வகுப்புல படிக்கிறப்போ ‘நான்’னு படிக்கிறதா ‘நாங்க’ன்னு படிக்கிறதான்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும், அதுக்கும் மார்க் கிடையாது.